கேஸுக்குப் பயந்து மோட்டார் கொட்டகையில்

என் கணவருக்குக் குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்த சமயம். திருவாரூர் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனவர், அங்கே குடித்துவிட்டு மத்தியானம் பைக்கில் திரும்பும்போது எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் மோதி விழுந்தார். வெளிக்காயம் பெரிதாக இல்லை. வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன். கொழுந்தனார் தடுத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போனா ரத்தம் எடுப்பாங்க அண்ணி. குடிச்சிட்டு ஓட்டுனதா கேஸ் ஆயிடும், விசா போயிடும். போதை தெளியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போவோம்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. வயலில் மோட்டார் கொட்டகையில் படுக்க வைத்து மோர் கொடுத்தோம். பொழுது சாய்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

கருமாதிக்கு வந்திருந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். “முதல் தடவை, வேற யாருக்கும் அடியில்லை. பெரும்பாலும் அபராதம்தாம்மா. மீறிப் போனா ஆறு மாசம் உள்ளே இருந்திருப்பார். லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க. டெஸ்ட் எடுத்த முறையில தப்பிருந்தா வாதாடவும் இடமிருக்கு” என்றார்.

ஆறு மாதம். இதற்குப் பயந்துதான் ஒளித்து வைத்தோம்.

போன மாதம் கொழுந்தனாரே குடித்துவிட்டு ஓட்டி விழுந்தார். “ஆஸ்பத்திரி வேணாம் அண்ணி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இப்போது அவர் மேல் கேஸ் நடக்கிறது. லைசென்ஸ் இல்லாததால் வாய்தாவுக்குப் பஸ் பிடிக்க என் வாசல் வழியாக நடந்துதான் போகிறார். என்னோடு பேசுவதில்லை.

பேசாவிட்டால் போகட்டும். நடக்கிறாரே.