எல்லை தாண்டிய மளிகைக் கடை

வெல்டா க்ருபிச்காவைப் பற்றி கான்சாஸ் எல்லையோரத்து எங்கள் நோவாக் ஊரில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நான் சொல்வதுதான் சரியான கதை. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தக் கதையில் முட்டுக்கட்டையாக வருகிற மனிதர் என் வீட்டுக்காரர் டெல்மர். ஆக இரண்டு பக்கமும் எனக்கு நன்றாகவே தெரியும்.

வெல்டா நல்ல உயரம், நல்ல பருமன், குரல் அதைவிடப் பெரிது. கணவன் லெனர்ட் ஒரு கோடையில் வேலை தேடி டென்வருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இவளும் தேடிப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான் அவனைத் தேடிப் போயிட்டா கடையை யார் பாத்துக்கிறது?" என்றாள். அவள் கடைதான் ஊரில் ஒரே மளிகைக் கடை. பலகையில் கட்டிய பழைய கட்டடம். மாவு, பால், மாட்டுக்கு உப்புக்கட்டி, பிள்ளைக்கு டயப்பர் என்று எல்லாம் கிடைக்கும். மீன் பிடிக்க விற்கும் புழுவும் முட்டையும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பன்றி ஈரல் சாசேஜ் அவளே செய்வாள். ஈஸ்டர் வாரத்தில் அதற்காக விச்சிட்டாவிலிருந்து கூட எங்களைப் போன்ற செக் நாட்டு வம்சாவளிக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வரும்.

ஊருக்கு வடக்கே எங்கள் சோள வயல். வயலின் நடுவே ஓடும் வேலியோடு கான்சாஸ் முடிந்து நெப்ராஸ்கா தொடங்கிவிடும். ஊர் ஒரு மாநிலத்தில், ஊரின் கல்லறைத் தோட்டம் இன்னொரு மாநிலத்தில். அதனால் எங்களுக்கு ஒரு நாளும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை, தேர்தலில் ஜெயித்துப் புது ஆளுநர் வரும்வரை.

அவர் வந்ததும் வருமான வரியை வெட்டினார். படிப்படியாகக் குறைத்து ஒருநாள் ஒழித்தே விடுவோம் என்றார். கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் தொழிலில் வரும் வருமானத்துக்கான வரி உடனே முழுதாகப் போனது. ஊர் கொண்டாடியது. டெல்மர் காபிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு துண்டு செர்ரி பை வாங்கிக் கொடுத்தார். கல்யாணத்தன்று கூட அவர் கை அவ்வளவு தாராளமாக நீளவில்லை. வெல்டாவும் மகிழ்ந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் அரசாங்கத்தின் கஜானா காலியாகத் தொடங்கியது. செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். பள்ளிக்கூடம் வாரத்தில் நாலு நாள் ஆனது. பனி தள்ளும் வண்டி விடியற்காலையில் வந்துகொண்டிருந்தது மத்தியானம் வந்தது. வீடு வீடாகச் சர்க்கரை பார்க்கிற நர்ஸ் வருவது நின்றது. அப்போதும் போதவில்லை என்று விற்பனை வரியை ஏற்றினார்கள். எங்கள் மாநிலத்தில் ரொட்டிக்கும் பாலுக்கும் அந்த வரி உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுச் சாமானுக்கு வரியே இல்லை.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? காபிக் கடையில் உட்கார்ந்து புதுச் சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு, நேராக வண்டியை எடுத்துக்கொண்டு நெப்ராஸ்காவில் சாமான் வாங்கப் போனார்கள். வாய் கான்சாஸில், வயிறு நெப்ராஸ்காவில். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வெல்டா வாரத்தில் ஒருநாள் பண்ணை வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். பகையாளியாக இருந்தாலும் விரல் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த வருடம் எதிரே வந்த பல பேர் அவளுக்கு விரல் தூக்கவில்லை.

ஒருநாள் நான் முட்டை வாங்கப் போனபோது அவளே பேச்சை எடுத்தாள். "கொஞ்ச நாளா ஒரு விஷயம் கவனிக்கிறேன் ஆர்டிஸ். வண்டில சாமான் இல்லாதவன் விரல் தூக்கறான். இருக்கிறவன் தூக்க மாட்டேங்கறான்."

"யார் யாரு?"

"யாரு இல்லன்னு கேளு. போன வாரம் சர்ச் ஃபாதர் கூட தூக்கல. உன் வீட்டுக்காரர் இருக்காரே, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சிட்டு வானத்தப் பாத்துட்டே போறார். என்னிக்காவது பள்ளத்துல விடப் போறார், சொல்லி வை."

எனக்கு முகம் எரிந்தது. டிராக்டருக்கு உதிரி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அவர். அன்று சாயந்திரம் பிக்அப்பின் பின்னால் இருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ரொட்டி, வெண்ணெய், காபித்தூள், டாய்லெட் பேப்பர். ரொட்டியை நாய்க்குப் போட்டேன்.

"அது நல்ல ரொட்டிடி," என்றார் டெல்மர்.

"நாய்க்கும் பிடிச்சிருக்கு. டிராக்டருக்கு டாய்லெட் பேப்பர் எதுக்கு?"

அவர் மண்டையைச் சொறிந்துகொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

குளிர்காலம் தொடங்கும்போது மொத்த வியாபாரியின் லாரி டிரைவர் வந்து வெல்டாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தான். இவ்வளவு குறைவாக ஆர்டர் கொடுக்கும் கடைக்கு வண்டி அனுப்பக் கட்டுப்படி ஆகாது. மார்ச் மாதத்துக்குள் ஆர்டர் ஏறாவிட்டால் லாரி இனி நோவாக்குக்குள் வராது. லாரி வராத மளிகைக் கடை எத்தனை நாள் தாங்கும்? வெல்டா கடையை மூடினால் பண்ணை வீடுகளில் வண்டி ஓட்ட முடியாமல் இருக்கும் கிழவர்களுக்கு ஒரு டப்பா சூப் கொடுக்கக்கூட ஆள் இல்லை. வெல்டாவுக்கும் வேறு எதுவும் இல்லை. வீடும் அதுதான், கடைக்குப் பின்னால் ஒரு அறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் விருந்து. பன்றி வறுவலும் வேகவைத்த மாவு உருண்டையும் புளித்த கோஸும் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெல்டா எழுந்து நின்றாள். மைக் எல்லாம் அவளுக்குத் தேவையில்லை.

"வருமான வரி போச்சுன்னு நானும் உங்ககூடத்தான் ஆடினேன். இப்ப வருமானமும் போச்சு," என்றாள். "யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. வாடிக்கைக்காரங்க எல்லாரும் நெப்ராஸ்கா போறீங்க. சரி, நானும் வர்றேன். கடையையும் எடுத்துட்டு வர்றேன்."

யாருக்கும் புரியவில்லை. புதுக் கட்டடம் கட்ட எந்த வங்கி கடன் கொடுக்கும் என்று யாரோ கேட்டார்கள்.

"புதுசு எதுக்கு? பழசு நல்லாத்தானே இருக்கு. கீழ சக்கரம் வச்சு இழுத்தா வருது."

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் பண்ணை வீடுகளை அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவது புதிதல்ல. ஆர்லன் டீட்ஸ் என்கிற மனிதருக்கு அதுதான் தொழில். இடம் ஒன்றுதான் பாக்கி. கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நெப்ராஸ்கா பக்கத்தில் என் அப்பா எனக்கு எழுதிவைத்த துண்டு நிலம் சும்மாதான் கிடந்தது. "என் நிலத்துல வச்சுக்கோ வெல்டா," என்றேன். பக்கத்தில் டெல்மருக்கு உருண்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள்.

ஆர்லன் வந்து கட்டடத்தைத் தட்டிப் பார்த்து, உத்தரங்கள் உறுதியாக இருக்கின்றன என்றார். நெடுஞ்சாலை வழியாகப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்கும் கிளை அலுவலகத்தைச் செலவுக் குறைப்பில் மூடிவிட்டிருந்தார்கள். போன் செய்தால் ஒரு பதிவுக் குரல், காத்திருங்கள், காத்திருங்கள் என்றது. "அது சொல்றபடி காத்திருந்தா நான் செத்து அந்தப் பக்கம் போயிருப்பேன்," என்றாள் வெல்டா. மிச்சம் ஒரே வழி எங்கள் சோள வயல். அறுவடை முடிந்து அடிக்கட்டை மட்டும் நின்றது. தரை உறைந்து கல்லானால் போகலாம் என்றார் ஆர்லன்.

டெல்மர் ஒப்புக்கொள்ளவில்லை. "கான்சாஸை விட்டு ஓடறவளுக்கு என் வயல்ல வழி கிடையாது," என்றார்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ நீங்க ஓடறீங்களே, அது எந்த வழியா?"

"அது வேற."

"எப்படி வேற? அவ கடையோட போறா, நீங்க தார்ப்பாயோட போறீங்க. அவ்வளவுதானே."

கொஞ்ச நாள் போனது. ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டே, "வயல் எப்படியும் சும்மாத்தான் கிடக்கு. செய்றத செய்யுங்க. நான் பாக்க வரமாட்டேன்," என்றார்.

வயல் கிடைத்தது, குளிர் கிடைக்கவில்லை. அந்த வருடம் பார்த்து குளிர்காலம் இளகிப் போய்க் கிடந்தது. ஜனவரி முழுக்கச் சேறு. பிப்ரவரியிலும் சேறு. வெல்டா கடை வாசலில் நின்று குதிகாலால் தரையைக் குத்திப் பார்ப்பாள். குதிகாலில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போவாள். மாதம் முடிகிற நேரத்தில் வடக்கிலிருந்து காற்று வந்தது. ஒரே ராத்திரியில் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் கெட்டியாக உறைந்தது. விடிந்ததும் ஆர்லன் ஜாக்கிகளோடு வந்துவிட்டார்.

கடையைக் காலி செய்யச் சொன்னார். வெல்டா மாட்டேன் என்றாள். "எடுத்து வைக்க ஒரு வாரம், திரும்ப அடுக்க ஒரு வாரம். மார்ச் வந்துரும். நீங்க மெதுவா ஓட்டுங்க, நான் உள்ள நின்னு பாத்துக்கிறேன்." ஆர்லன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கட்டடத்துக்கு அடியில் இரும்பு உத்தரம் வழுக்கிப் போக சோப்புக் கட்டி தேய்ப்பது அவர்கள் தொழில் முறை. அன்றைக்கு அவர் தேய்த்த சோப்பு முழுவதும் வெல்டாவின் அலமாரியிலிருந்து வந்தது.

ஊர் முழுக்க வயலோரம் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை நாள், அதனால் பிள்ளைகளும் வந்தார்கள். செலவுக் குறைப்பில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. கடை தரையைவிட்டு எழுந்தது, முனகியது, ஆர்லனின் லாரிக்குப் பின்னால் நகர்ந்தது. ஜன்னல் வழியாக வெல்டா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

வேலிக்குக் கொஞ்சம் முன்னால், ஊற்று கசியும் இடத்தில், பின் சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. கடை ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ விழுந்து உடையும் சத்தம். ஆர்லன் இறங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெயில் ஏறினால் இன்னும் இறங்கும். இரண்டு பையன்கள் டிராக்டர் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்தார்கள். சக்கரம் இன்னும் புதைந்தது. வெல்டா கதவைத் திறந்து நின்றாள்.

அப்போது எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. பார்க்க வரமாட்டேன் என்ற மனிதர் சமையலறை ஜன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சட்டம், மாநிலம், ஆளுநர் எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொள்வார். தன் வயலில் இன்னொருவன் சங்கிலியைத் தப்பாக மாட்டுவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எட்டுச் சக்கர டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"கழட்டுங்கடா அத. மாட்டை இழுக்கறீங்களா, கட்டடத்தையா? கீழ உத்தரத்துல மாட்டணும். தள்ளுங்க." பிறகு மேலே பார்த்து, "கெட்டியா பிடிச்சுக்க வெல்டா," என்றார்.

"நான் பிடிச்சுத்தான் இருக்கேன். நீங்க வானத்தப் பாக்காம ஓட்டுங்க."

டிராக்டர் கறுப்புப் புகை கக்கியது. கடை ஒரு தரம் ஆடி, குழியிலிருந்து மேலே வந்தது, வந்தது, வேலி பிரித்த இடத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தது. ஊர் போட்ட கூச்சலில் காக்கைகள் கல்லறைத் தோட்டத்து மரங்களை விட்டுப் பறந்தன. கடையின் பாதி அந்தப் பக்கம் போனதும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். டெல்மர் இறங்கி, ஏணி வைத்து ஏறி, கடைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஒரே ஒரு ஊறுகாய் ஜாடி உடைந்திருந்தது. மற்றவையெல்லாம் அலமாரியில் அப்படியே இருந்தன.

டெல்மர் ஒரு ரொட்டியை எடுத்துக் கல்லாவில் வைத்தார். "வரி உண்டா?" என்றார்.

வெல்டா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "நீங்க நிக்கிறது கான்சாஸ். கல்லாப்பெட்டி நெப்ராஸ்கா. கல்லா சொல்றதுதான் கணக்கு. வரி இல்ல."

அவர் காசு கொடுத்துவிட்டு ரொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க ஏணியில் இறங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மார்ச்சில் லாரி வந்தது. டிரைவர் பழைய இடத்தில் நிறுத்தி, வெறும் குழியைப் பார்த்துவிட்டு, கடையை மூடியே விட்டாள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினானாம். பிறகு வயலுக்கு அப்பால் அவள் குரல் கேட்டிருக்கிறது. அன்று வெல்டா கொடுத்த ஆர்டருக்கு அவன் இரண்டாம் தரம் வண்டி எடுத்து வர வேண்டியிருந்தது. நோவாக் மட்டுமில்லை, சுற்றி இருந்த கான்சாஸ் ஊர்கள் எல்லாம் அவள் கடைக்குத்தான் வந்தன. பண்ணை வீட்டுக் கிழவர்களுக்குச் சாமான் ஒரு வாரம் கூட நிற்கவில்லை.

சில வருடத்தில் எங்கள் மாநிலமே வருமான வரிக் குறைப்பைத் திரும்பப் பெற்றது. பள்ளிக்கூடம் மறுபடி ஐந்து நாள் ஆனது. அதற்கும் சில வருடம் கழித்து, சாப்பாட்டுச் சாமானுக்கு இருந்த வரியையும் கான்சாஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் எடுத்தே விட்டது. செய்தி வந்த அன்று டெல்மர் கடைக்குப் போனார். நான் சாசேஜ் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"வெல்டா, இப்ப இங்கயும் வரி இல்ல, அங்கயும் வரி இல்ல. டிராக்டர எடுத்துட்டு வரவா? கடையப் பழைய இடத்துக்கே இழுத்துரலாம்."

வெல்டா சாசேஜை நிறுத்துத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எதுக்கு டெல்மர்? போன தடவ நான்தான் நகர்ந்தேன். இந்தத் தடவ கான்சாஸே நகர்ந்து என்கிட்ட வந்திருக்கு. வந்தவங்க வரிசைல நிக்கட்டும்."