அக்காவின் முழங்காலும் சங்கரன்கோவில் ஆடிச்சுற்றும்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் மூட்டுவலிக்காரர்கள். நான் ஒரே ஒரு தடவை, எண்பத்து நான்காம் வருடம் ஆடியில், அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். அத்தான் இறந்த பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. காலையில் எழுந்தால் அரை மணி நேரம் முழங்கால் மடங்காது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. யாராவது பார்த்து மேலே சொல்லிவிட்டால் வேலை போய்விடுமே என்று பயந்து, மதியம்வரை நின்றுகொண்டே இருப்பாள். என்ன சுறுசுறுப்பு என்று டீச்சர்கள் மெச்சுவார்களாம். மதுரையில் என் பக்கத்து வீட்டம்மாள் சொன்னதை நம்பி, ஆடிச்சுற்று என்று கோமதியம்மன் கோவிலைச் சுற்றிவந்தால் கால்வலி போய்விடும் என்று நான்தான் அவளைக் கிளப்பினேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினோம். கழுகுமலை வழி, நாற்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் மூன்று ரூபாய். உட்கார்ந்தே வந்ததில் அக்காவுக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்கு இறங்கும்போது கண்டக்டர், "வெரசா எறங்குங்க ஆச்சி" என்றார். ஐம்பத்திரண்டு வயதுக்காரியைப் பார்த்து ஆச்சியாம்! எனக்குச் சுருக்கென்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

ஐம்பத்தொரு சுற்று என்று வேண்டுதல். முந்தானையில் முடிந்துவந்த புளியங்கொட்டையைச் சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடந்தோம். கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம் ஆனது. நடக்க நடக்க அக்காவுக்குக் கால் இளகியது. "ஏட்டி, பலிக்குது பாத்தியா" என்று சிரித்தாள்.

முப்பத்து நான்காவது சுற்றில் தண்ணீர் குடிக்க நின்றோம். கூடவே சுற்றிவந்த பக்கத்து ஊர்க்காரி, பனவடலிசத்திரத்து அம்மாள் ஒருத்தி, பேச்சுக் கொடுத்தாள். கால்வலி தீர வந்திருக்கிறோம் என்று அக்கா சொன்னதும் அவள் விழித்தாள்.

"யாரு சொன்னா அப்படி? அம்மன் ஒத்தக் கால்ல தவம் நிக்கா. அவளுக்குக் கால் வலிக்கும்லா? அந்த வலியை நாம வாங்கிக்கிடத்தான் யக்கா சுத்துதோம்."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "போதும்க்கா, போயிருவோம்" என்றேன்.

அக்கா சன்னதிப் பக்கம் பார்த்தாள். "அவளும் என்னைய மாதிரி உக்கார முடியாமத்தான் நிக்காளா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? நடட்டி" என்றாள்.

முடிக்கும்போது மணி ஒன்றரை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் மறைத்ததை ஊரே நின்று பார்த்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. மாற்றாளாக வந்தவளே அந்த வேலையில் நிலைத்துவிட்டாள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போகிறவர்களுக்கு: வேண்டுதல் என்னவென்று அந்த ஊர்க்காரர்களிடமே கேளுங்கள், என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். மூட்டு இறுகியவர்கள் இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். பஸ்ஸில் காலை நீட்டி மடக்கிக்கொண்டே வாருங்கள்.

இப்போது என் முழங்காலும் காலையில் மடங்குவதில்லை. டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரேயடியாக நிற்காதீர்கள், தரையில் உட்காராதீர்கள், ஒரு ஸ்டூல் போட்டுக் காய் நறுக்குங்கள் என்றார். அக்காவை நாற்பது கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய் ஐம்பத்தொரு சுற்று சுற்றவைத்தேன். ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.