கிண்டியில் ஒரு செம்மண் லாரி

கிண்டி தொழிற்பேட்டைக்குள் நான் வந்த ஆட்டோ, வழி மறிக்கப்பட்டு நின்றுவிடுகிறது. மூடிப்போன முலாம் பூசும் தொழிற்சாலையின் வாசலில், செம்மண் ஏற்றிய லாரியை மறித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவு நிலத்தில் இறங்கி, பின்தெரு அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறதாம். முன்வரிசையில் இருக்கும் நூர்ஜஹான் என்ற பெண்ணிடம், "இந்த இடத்தைச் சுத்தம் செய்யத்தானே லாரிக்காரர்கள் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறேன்.

"இன்னா சுத்தம்? மேல மண்ணு கொட்டி மூடிட்டா, அடியில கீற விஷம் பூடுமா? அத்த தோண்டி எடுத்துக்கினு போவட்டும். நாங்க கூட நின்னு பாக்கணும்."

போலீஸைக் கூப்பிடுவதாக லாரியோடு வந்த ஒப்பந்ததாரர் மிரட்டுகிறார்.

"கூப்புடு. அவுங்களுக்கும் அந்தத் தண்ணியே குடிக்கக் குடுக்கறோம்" என்கிறார் நூர்ஜஹான்.

பெண்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கிறார். லாரி தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவர்கள் கலையவில்லை. நூர்ஜஹான் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார்.

"ஒக்காரு சார். அடுத்த லாரி வரும்."