முந்தியில் ஓடிய நீராவிப் படகுகள்

எனக்கு நீராவிப் படகுப் பைத்தியம். சொன்னால் சிரிப்பீர்கள். ஆரணியில் ஆறு என்றால் முக்கால்வாசி நாள் மணல்தான். செருப்பைக் கழற்றாமலே அக்கரை போய்விடலாம். நான் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். மயிலும் மாங்காயுமாகப் போட்டுச் சலித்துக் கிடந்த ஒரு மத்தியானம் போனில் ஒரு படம் ஓடியது. இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள் சுற்ற, நடுவில் புகைபோக்கி நிற்க, ஒரு படகு ஆற்றை எதிர்த்துக்கொண்டு போனது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் யார் மாட்டினாலும் விடமாட்டேன். காற்றையும் துடுப்பையும் நம்பி எதிர்நீரில் திணறிக்கொண்டிருந்த காலத்தை ஒரு கொதிகலன் எப்படி மாற்றியது, ஆழமில்லாத ஆறுகளுக்காகப் படகின் அடியைத் தட்டையாக்கியது, குறுகலான ஆறுகளுக்காகச் சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோனது, கேப்டன்கள் ரோஷத்தில் பந்தயம் விட்டுக் கொதிகலன் வெடித்து ஜனங்கள் செத்தது, விரிகுடாவைக் கடந்து பர்மா போன நம் ஆட்கள் அங்கே ஐராவதியிலும் நீராவிப் படகேறியது, கடைசியில் ரயில் வந்து அத்தனை பயணிகளையும் அள்ளிக்கொண்டது, எல்லாம் சொல்வேன். டீக்கடையில் என் தலையைக் கண்டாலே பாதிக் கிளாஸோடு எழுந்துவிடுவார்கள். என் மகள் ஒருத்திதான் உட்கார்ந்து கேட்பாள். "அப்பறம் இன்னாப்பா ஆச்சு?" என்பாள். அதில் எனக்குத் தலைகால் புரியாது.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் செய்யாறில் கம்பெனி வேலை, குடும்பம் கலசப்பாக்கம் பக்கம் விவசாயம். சம்பந்தியம்மா முதல் நாளே நறுக்கென்று சொல்லிவிட்டார். "எங்க வூட்ல சகுனம் பாப்போம்ங்க. ஒண்ணு தட்டிப்போச்சின்னா என் மனசு லேசுல ஆறாது." மகள் அந்த வீட்டுக்குள் நல்ல பெயரோடு நுழைய வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலையெல்லாம்.

ரிசப்ஷன் சேலை என் பொறுப்பு. என்னைப் பிடித்த சனி, படகுதான் போடுவேன் என்று நின்றேன். கருநீலப் பட்டின் நீளம் முழுக்க ஆறு, அது போய்ச் சேரும் முந்தியில் ஜரிகையில் வரிசையாக நீராவிப் படகுகள். சக்கரத்தின் ஒவ்வொரு பலகையையும் சரிபார்த்தேன். நெய்து வந்ததும் மனைவி, "ஒரு தபா தோள்ல போட்டுப் பாக்கட்டும், குடுங்க" என்றாள். "சஸ்பென்ஸ். மேடையில பாரு" என்று பெட்டியை மூடிவிட்டேன். ரிசப்ஷன் அன்று சேலை கட்டிவிட வந்த பெண்ணிடம்தான் திறந்து கொடுத்தேன்.

மேடையேறிய மகள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். முதுகில் முந்தி தொங்கியது. அப்போதுதான் உறைத்தது.

ஸ்கிரீனில் படுத்துக் கிடக்கிற சேலை தோளில் ஏறினால் செங்குத்தாகத் தொங்கும். எத்தனையோ மயில்களை அந்தக் கணக்கில் நிற்க வைத்தவன் நான். ஆற்றை நினைத்த முட்டாள், கட்டப்போகிற பெண்ணை நினைக்கவில்லை. படகுகள் அத்தனையும் மூக்கைக் கீழே நீட்டி வரிசையாக முழுகிக்கொண்டிருந்தன.

"இன்னாபா இது, பொண்ணு முதுவுல கப்பலுங்கோ கூட்டமா முழுவுது!" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையே சிரித்தது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "மானம் கப்பலேறிப்போச்சு, திருப்தியா?" என்றாள்.

சிரித்த முகங்களைப் பார்த்தே மகளுக்குப் புரிந்துவிட்டது. முந்தியை முன்னால் இழுத்து, மறு தோளையும் சேர்த்துப் போர்த்தி, நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். விளக்குச் சூட்டில் மாப்பிள்ளைக்குக் கோட்டெல்லாம் நனைந்திருந்தது. போட்டோ எடுப்பவர் முந்தியை விடச் சொன்னார். "இருக்கட்டும்ணா, குளுருது" என்றாள். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பந்தி நடக்கிற இடத்துக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கிறவன் மாதிரி ஒளிந்துகொண்டேன். சம்பந்தியம்மா என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார்.

"உங்க பொண்ணு என்னைத் தனியா கூப்ட்டு எல்லாம் சொல்லிச்சுங்க. அதுவே ஆசப்பட்டு வரைஞ்சுதாமே, நீங்க வேணாம்னு தலப்பாடா அடிச்சிகினீங்களாம். எனக்கு மனசு சங்கடந்தான், இல்லன்னு சொல்லல. நல்லாத் திட்டி வுட்டேன், ஒரு வார்த்த எதுத்துப் பேசாம நின்னுது. நீங்க இன்னாங்க பண்ணுவீங்க பாவம், வாங்க சாப்டலாம்."

நான்தான் வரைந்தேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தூ, நானும் ஒரு அப்பன்!

"ஆமாங்க, சொன்னா எங்க கேக்குது" என்றேன்.