தூசி ஊதுகிறவர்

ஆரணி பஸ் நிலையத்தருகே லேப்டாப் பழுதுபார்க்கும் அவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, மதர்போர்டின் தூசியை ஊதிய பிறகுதான் எதையும் சொல்வார். திங்கட்கிழமை நான் சேரவிருந்த வேலைக்குச் சொந்த லேப்டாப் வேண்டும்; இன்னொன்று வாங்க வழியில்லை. என் லேப்டாப்பில் சார்ஜர் செருகும் கனெக்டர் ஆடியதால், தறி நெய்யும் அப்பா பட்டு இழையைப் பசையில் நனைத்து அதில் சுற்றி இறுக்கியிருந்தார்.

"பசை உள்ள எறங்கி, கனெக்டரோட போர்டும் கருகிடுச்சி தம்பி. ஒண்ணும் பண்ண முடியாது," என்று தூசியை ஊதி முடித்தவர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

வாசலில் நின்ற அப்பா கேட்டார்: "நான் இழை சுத்தனதாலதான் போச்சாங்க?"

அவர் மறுபடியும் ஊதினார். "சேச்சே, அது முன்னாடியே செத்துகினு இருந்திச்சிங்க. நீங்க சுத்தனதாலதான் நாலு நாள் தாங்கிச்சி."

அப்பா தலையாட்டினார். ஊதுவதற்கு அப்போது போர்டில் தூசியே இல்லை. அதை அப்பாவும் கவனித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.