மொட்டைப்பாறை மேல் விழுந்த வெயில்

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஜோதி ஸ்டுடியோ வைத்திருக்கும் விஜயராஜுக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கத்திலிருக்கும் வடக்குத்துதான் சொந்த ஊர். இருபத்திரண்டு வருடமாக அவர் எடுத்துவரும் படங்களில் பத்துக்கு ஒன்பது பாஸ்போர்ட் சைஸ். கேட் பாஸ் கேட்கும் கான்ட்ராக்ட் ஆட்கள், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், பென்ஷன் வாங்குகிறவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வெள்ளைத் திரை, இரண்டு காதும் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிக்காதே என்று ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, அவர் முகமும் அதற்குத் தோதாக ஆகிவிட்டது.

அவருக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இது அவருக்கே இருபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. சுரங்க வேலைக்குத் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தார். டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, இதில் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்.

"புள்ளிதான் சார் தெரியுது."

அடுத்த பக்கத்தைக் காட்டினார்.

"இதுலயும் புள்ளிதான் சார்."

எட்டுப் பக்கம் பார்த்தார்கள். எட்டிலும் புள்ளிதான் இருந்தது. டாக்டர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "வூட்டுல நெலம் ஏதும் இருக்குதாப்பா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். வேலை இல்லை என்பது விஜயராஜுக்கு அந்த அன்பிலிருந்துதான் புரிந்தது.

இப்படிப்பட்டவர் போட்டோ தொழிலுக்கு வந்தது பலருக்கு ஆச்சரியம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்கும் இடத்தில் அவர் வெளிச்சத்தை மட்டும் பார்த்தார். நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவில் வெளிச்சம் எங்கே குறைகிறது என்று அவரால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஆனால் ஒரு முறை குறிஞ்சிப்பாடிக் கல்யாணத்தில், மணப்பெண்ணின் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து, ஆல்பம் முழுக்கக் காப்பித்தூள் நிறமாக்கிக் கொடுத்துவிட்டார். பெண்ணின் அத்தை புடவையையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அன்று முதல் கம்ப்யூட்டர் முன்னால் அவர் மனைவி செந்தாமரை உட்கார்ந்தாள். வெளிச்சம் அவர் பொறுப்பு, நிறம் அவள் பொறுப்பு. சண்டை வரும் நாட்களில்கூட இந்தப் பங்கீட்டில் இருவரும் கை வைத்ததில்லை.

போன வருடம் புரட்டாசி அமாவாசைக்கு வடக்குத்திலிருந்து வேன் பிடித்து மேல்மலையனூர் போனார்கள். செஞ்சியைத் தாண்டியதும் சாயங்காலமாகிவிட்டது. வேனில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் வலது பக்கம் செங்குத்தாக ஒரு மொட்டை மலை எழுந்து நின்றது. பின்னால் வானம் முழுக்க மழை மேகம் கட்டியிருந்தது. மேற்கே எங்கோ ஒரு கிழிசல் வழியாக வெயில் வந்து, பாறையின் பாதியை மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் ஆக்கியிருந்தது. மீதிப் பாதி கரி.

விஜயராஜ் மனைவியைத் தட்டி எழுப்பினார்.

"தாமர, அது இன்னா கலர்?"

கல்யாணமான நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருபவள் அவள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கலரே இல்லிங்க. கருப்பும் வெள்ளையுமாத்தான் நின்னுகினு இருக்குது."

வேன் திரும்பியது. மலை போய்விட்டது. தானும் தன் மனைவியும் ஒரே பொருளை ஒரே மாதிரி பார்த்தது இதுதான் முதல் தடவை என்று விஜயராஜுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் அவள் அழுதாலும் அழுவாள், வேனில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அந்தப் படத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பண்ருட்டி, விழுப்புரம், செஞ்சி என்று மூன்று பஸ் மாறி இருவரும் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் மலைக்கு மொட்டைப்பாறை என்றே பெயர் வைத்திருந்தார்கள். கோட்டை எதுவும் இல்லாததால் டிக்கெட்டும் இல்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. பாறை வெறும் பாறையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாவது தடவை நல்ல மழை. பால் சொசைட்டிக் கட்டிடத்து வாசலில் ஒதுங்கினார்கள். ஸ்டாண்டையும் கேமராவையும் பார்த்து அய்யாசாமி என்ற ஊர்ப் பெரியவர் வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

"எந்த ஆபீஸுங்க?" என்றார் அய்யாசாமி.

"ஆபீஸ் இல்லிங்க. நெய்வேலிங்க."

சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் இன்னும் நெருங்கியது.

"மலைய ஒடைக்கப் போறீங்களா? கல்குவாரிக்கு அளக்க வந்திருக்கீங்களா?"

"போட்டோ எடுக்கத்தாங்க வந்தோம்."

"எதுக்கு?"

விஜயராஜ் மனைவியைப் பார்த்தார். செந்தாமரைதான் சொன்னாள்: "பாக்க நல்லா இருக்குதுங்க. அதுக்குத்தான்."

இவ்வளவு பலவீனமான காரணத்தை ஆபீஸ் ஆட்கள் சொல்ல மாட்டார்கள் என்று அய்யாசாமிக்குப் பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் அத்தாட்சி கேட்டார். விஜயராஜ் பையிலிருந்து, கடைக்கு வந்தவர்களுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள் நான்கு கவர் எடுத்துக் காட்டினார். ஊர் அந்தப் படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. நூறு நாள் வேலை அட்டைக்குப் படம் வேண்டும், அதற்காகப் பக்கத்து ஊர் வளத்திக்குப் போய் நாள் கெடுகிறது என்று ஒரு அம்மா சொன்னாள். பால் சொசைட்டிச் சுவர் வெள்ளைதான். மழை விடும்வரை பதினான்கு பேரை எடுத்தார். மலையை எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை அந்தப் பதினான்கு பேருக்கும் படம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெயில் மலைக்கு வராமல் பக்கத்து ஏரியில் விழுந்துவிட்டுப் போனது. அதற்குள் தகவல் பரவி, மேலும் பத்துப் பேர் தலைவாரிக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான்காவது தடவை ஐப்பசிக் கடைசி. அன்றைக்குத்தான் அய்யாசாமி தன் படத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். சலவை வேட்டி, சட்டைப் பையில் பேனா. சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, "ஆடாதீங்க, மூச்ச லேசா விடுங்க, என்னையே பாருங்க" என்று விஜயராஜ் சொல்லிக்கொண்டிருந்தபோது, செந்தாமரை பின்னாலிருந்து, "ஏங்க" என்றாள்.

அவள் குரலில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்தார்.

கிழக்கே வானம் இருண்டு கிடந்தது. மேற்கே மேகம் ஒரு விரற்கடை விலகியிருந்தது. வெயில் மலையின் அடியில் பட்டு, மேலே ஏற ஆரம்பித்திருந்தது. விஜயராஜ் ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் கடலைக்கொல்லை. சேற்றில் ஒரு செருப்பு போனது. கால் ஊன்ற ஓரிடம் கிடைத்ததும், வெள்ளைப் பாறை வெளுத்துப்போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எடுத்தார். பாறையின் வெடிப்பு ஒவ்வொன்றும் கோடு கிழித்தது போல் தெரிந்தது. உச்சியில் ஒற்றை மரம் தீக்குச்சி மாதிரி நின்றது. ஏழு படம் எடுத்தார். எட்டாவதற்கு விரல் வைத்தபோது வெயில் இல்லை. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தபோது அய்யாசாமி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆடவில்லை. யாரும் ஆடலாம் என்று சொல்லாததால், வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு மூச்சை லேசாக விட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் உதடு அசையாமல்.

"உங்களுது இனிமேத்தாங்க."

ஏழில் ஐந்தாவது படத்தைக் கடலூரில் கொடுத்து, கருப்பு வெள்ளையில் மூன்றடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டினார். இந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் செந்தாமரைக்கு வேலையே இருக்கவில்லை. இருந்தாலும் ஒரு மணி நேரம் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது எந்த மைன்ஸ்? சுரங்கத்து மண்மேட்டைத் தவிர வேறு மலையைப் பார்த்துப் பழகாத ஊர். விஜயராஜ் முதலில் விளக்கம் சொன்னார். பிறகு, "நம்ம மைன்ஸ் இல்லிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நிலச்சரிவு போட்டோவா என்று ஒருவர் கேட்டார். கலர் இங்க் தீர்ந்துபோச்சா என்று இன்னொருவர்.

மார்கழியில் சடையப்பன் வந்தார். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ரிட்டயரானவர். ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தவர், திரை முன்னால் உட்காராமல் மலை முன்னால் நின்றுவிட்டார். தலை வாரக் கொடுத்த சீப்பும் கையுமாகப் பத்து நிமிஷம் நின்றார்.

"இது மண்ணு இல்ல," என்றார். "மண்ணுன்னா இந்தச் சரிவுக்கு நிக்காது. பாறை."

"ஆமாங்க."

"எம் மூஞ்சிய இதே மாதிரி எடுக்க முடியுமா?"

விஜயராஜ் அவரைப் பார்த்தார். ஒட்டிய கன்னம், மேடான மூக்கு, நெற்றியில் ஆழமாக நான்கு வரி. முடியும் என்று தெரிந்தது. "ஒரு காது தெரியாதுங்க," என்றார்.

"அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் ரெண்டையும் காட்டிட்டேன். போதும்."

ட்யூப் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு விளக்கை மட்டும் வைத்து எடுத்தார். பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. சடையப்பன் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வீட்டில் மருமகள் சத்யப்பிரியா, "எடுக்கறப்ப கரண்ட் போயிடுச்சா மாமா?" என்று கேட்டாளாம்.

படத்தை ஃப்ரேம் போட்டு வீட்டு ஹாலில், வாசலைப் பார்த்தாற்போல் மாட்டினார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் வடலூரிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். உள்ளே நுழைந்து, சுவரைப் பார்த்து, செருப்பைக் கழற்றித் தள்ளிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சத்யப்பிரியாவிடம், "எப்பம்மா?" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து இரண்டு டம்ளர் டீயோடு வந்த சடையப்பன், "போன மாசம்," என்றார்.

சிநேகிதர் கொஞ்ச நேரம் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, அந்த ஸ்டுடியோ எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.