படங்கின் கயிறு அவிழ்ந்த நாள்

சகோதரிகளே, ஆறு என் பிள்ளையைத் திருப்பித் தந்தது. என் மச்சாள் செல்வியைத் தரவில்லை. இதை எப்படிச் சாட்சியாகச் சொல்வது என்று பல மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தேன்.

சண்டையில் பாலம் உடைந்த பிறகு எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரேயொரு இயந்திரப் படகுதான். ஆண்கள் விளிம்பில் இருப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் நடுவில், படங்கு என்ற தார்ப்பாயின் கீழ். தண்ணீர் அடிக்காமலிருக்கப் படங்கின் ஓரங்களைக் கயிற்றால் படகோடு இறுக்கிக் கட்டுவார்கள். அக்கரையில் சோதனைச் சாவடி. நனைந்த சீலையோடு சிப்பாய்களின் முன்னால் பெண்கள் வரிசையில் நிற்கக் கூடாதே. அதை மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்று மாரி வெள்ளம். பிள்ளைக்கு மூச்சிழுப்பு. படங்கின் புழுக்கத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. ஓட்டி சூசையண்ணையைக் கெஞ்சி, என் மூலைக் கயிற்றை மட்டும் தளர்த்திக்கொண்டேன். செல்வியையும் அங்கே கூப்பிட்டேன்.

"ஐயோ மச்சாள், நீங்கள் நனையுங்கோ. எனக்கு ஏலாது, புதுச் சீலை!" என்று சிரித்தாள்.

நடு ஆற்றில் வெள்ளத்தில் வந்த மரம் மோதியது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு ஒரு பக்கமாகப் புரண்டது. "பிள்ளையைத் தாரும் ஆண்டவரே" என்று மட்டும் கத்தினேன். பிள்ளையை அணைத்தபடி தளர்ந்த மூலையால் வெளியே வந்தேன். யாரோ என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தபோது கவிழ்ந்த படகின் ஓரத்தில் படங்கு உள்ளிருந்து புடைத்துப் புடைத்து அடங்கியது. அவை கைகள்.

கோவிலில் எல்லோரும் சொன்னார்கள்: "கர்த்தர் உன்னைத் தெரிந்துகொண்டார்." அப்படியென்றால் செல்வியை? நான் அவளை இன்னும் வற்புறுத்தியிருந்தால்?

செல்வியின் முப்பத்தோராம் நாள் நினைவு முடியுமுன்பே படகு மறுபடி ஓடியது. அதே படங்கு. புதுக் கயிறு, முன்னிலும் இறுக்கம். பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்தது. போகாமல் விட்டால் இழுப்பு, போனால் ஆறு. "நீ கயித்தைப் பற்றி ஒண்டும் கதையாத, உள்ள படகையும் நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்றார் கணவர். நான் முழங்காலில் நின்று நன்றி சொல்லவில்லை. "அந்தக் கயிற்றை அவிழ்க்க யாரையாவது அனுப்பும்" என்று கோபமாகவே கேட்டேன்.

மறுநாள் துறையில் என் கால் படகில் ஏற மறுத்தது.

"சூசையண்ணை, படங்கை அவிழுங்கோ."

"தங்கச்சி, நனைஞ்சு போய் அவங்களுக்கு முன்னால நிப்பியளோ? பிறகு என்னைத்தானே ஏசுவியள்."

என் பின்னால் மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் அம்மா ஒருவர் நின்றார். அந்தப் படங்கின் கீழ் மகளை இழந்தவர் என்று துறைக்கே தெரியும்.

"நனைஞ்ச சீல காயும் தம்பி," என்றார். "என்ட புள்ளய இந்தக் கயிறுதான் புடிச்சி வெச்சிச்சி. கழட்டுங்க."

ஒரு பெண்ணும் ஏறவில்லை. விளிம்பில் இருந்த ஆண்கள் தலை குனிந்தார்கள். சூசையண்ணை கத்தியை எடுத்தார். ஓரத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்.

அதற்குப் பிறகு படங்கு கூரையாக மட்டும் நின்றது. ஓரங்களில் காற்றடித்த டயர் டியூப்புகளைக் கட்டினார்கள். ஆட்கள் நிறைந்தால் மிச்சப் பேர் அடுத்த முறைக்கு நின்றார்கள். நாங்கள் நனைந்தே கரையேறினோம். சிப்பாய்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. நான் சொல்வது கசப்பான நன்றி, ஆனாலும் நன்றிதான். நான் கேட்ட ஆளை ஆண்டவர் வேறு ஒரு மார்க்கத்திலிருந்து, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயாக அனுப்பினார். அந்த ஆண்டவரை நம்புங்கள், சகோதரிகளே. கோபமாக என்றாலும் கேளுங்கள். ஆனால் படகில் ஏறுமுன் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஜெபியுங்கள்.